நாலு கட்டை கிட்டார்

"இந்த கிட்டாரோட ஸ்கேல் இருபத்தஞ்சரை" என்று வீடியோவில் அந்த ஆள் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன். இருபத்தஞ்சரையேதான். எனக்குத் தெரிந்து உலகத்தில் யாரும் ஆறரைக்கு மேல் பாடியதில்லை.

எங்கள் வீட்டில் ஸ்கேல் என்றாலும் சுருதி என்றாலும் கட்டை என்றாலும் எல்லாம் ஒன்றுதான், பாடுகிற குரலின் உயரம். ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில், அம்மா பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் முன்னறையில் செருப்பு வைக்க இடம் இருக்காது. எங்கள் தெருப் பெண்களின் பெயர் எனக்கு மறந்து போகலாம், கட்டை மறக்காது. மூலை வீட்டுப் பெண் அஞ்சரை. பள்ளிக்கூடத்து டீச்சர் மகள் அஞ்சு. ரத்த வகை மாதிரி அது ஒவ்வொருவரோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். புல்லாங்குழல் வாங்கினால் எத்தனை கட்டைக் குழல் என்று கேட்டுத்தான் வாங்குவோம். மிருதங்கம்கூடப் பாடுகிறவரின் கட்டைக்குத் தகுந்த மாதிரிதான் வரும். ஆகவே கிட்டாரும் அப்படித்தான் கட்டை போட்டு விற்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டதில், இப்போது யோசித்தாலும், பெரிய தப்பு ஒன்றும் தெரியவில்லை.

நான் அப்போது கல்லூரியில் மூன்றாம் வருஷம். எங்கள் பேண்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த சீனியர் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டார், கிட்டாரையும் தூக்கிக்கொண்டு. ஒரு வருஷமாக மியூசிக் கிளப்பின் ஓட்டைக் கிட்டாரில் நான் பழகிக்கொண்டிருந்தது பேண்டை நடத்துகிற பாடகிக்குத் தெரியும். அவள் சின்ன வயதில் எங்கள் அம்மாவிடம் பாட்டு கற்றுக்கொண்டவள். நாலு கட்டை. "அதுக்கு மேல அவ குரல் ஏறமாட்டேங்கறதே" என்று அம்மா அந்தக் காலத்தில் தினமும் குறைப்பட்டுக்கொள்வாள்.

திங்கட்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ப்ராக்டிஸ். சொந்தமா எலெக்ட்ரிக் கிட்டாரோட வா. வந்துட்டா இடம் உனக்கு. இல்லன்னா அந்த செகண்ட் இயர் பையன்."

"அவனுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா கிட்டார் இருக்கே."

விடுமுறையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்து சேர்த்த பணம் என்னிடம் இருந்தது. ஒரு மலிவான கிட்டார் வாங்கலாம். தப்பானதை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க முடியாது. அதனால் ராப்பகலாக வீடியோ பார்த்தேன். ஒருவர் மரம்தான் முக்கியம் என்றார். மரத்தால் ஒன்றுமில்லை, தந்தியின் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்தான் என்றார் அடுத்தவர். இரண்டுமே இல்லை, கழுத்தைப் பாருங்கள் என்று மூன்றாமவர் சத்தியம் செய்தார். பில்ட் குவாலிட்டி, பில்ட் குவாலிட்டி என்று மூன்று பேரும் சொன்னார்கள். எதைத் தொட்டுப் பார்த்தால் அது தெரியும் என்று மட்டும் எனக்குக் கடைசிவரை புரியவில்லை. புதன்கிழமைக்குள் மண்டை குழம்பு மாதிரி ஆகிவிட்டது.

பேண்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவன் என் வகுப்புத்தோழன். பாலக்கரைப் பையன், சர்ச்சில் ஞாயிறுதோறும் வாசிக்கிறவன், விஷயம் தெரிந்தவன். கூட வரச் சொன்னேன். சனிக்கிழமைதான் முடியும் என்றான். எனக்கு சனிக்கிழமைவரை பொறுமை ஏது? புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மலைக்கோட்டைப் பக்கம் நடந்துவிட்டேன்.

ஜவுளிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் அந்தக் கடை. வாசலில் தபேலா, உள்ளே ஆர்மோனியம், அதற்கும் உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள் சில கிட்டார்கள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு ஆர்மோனியத்தின் முதுகைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. வீணைத் தந்தியா?"

"எலெக்ட்ரிக் கிட்டார்ணா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அட" என்று எழுந்தார். மூன்றை எடுத்து மேஜைமேல் வரிசையாகப் படுக்க வைத்தார். "பிரவுன் ஒரே கட்டை. சிவப்பு மூணு கட்டை. இந்தக் கறுப்பு நாலு கட்டை. விலையும் அதே வரிசையில இறங்கும்."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மூன்று நாளாக இங்கிலீஷ்காரர்கள் குழப்பியதை ஒரு மனிதர் என் பாஷையில், ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கட்டை ஏற ஏற விலை ஏன் இறங்குகிறது என்பதற்குக்கூட எனக்கு உடனே விடை கிடைத்தது. குழலிலும் அப்படித்தானே! ஒரு கட்டைக் குழல் நீளம், விலை அதிகம். ஐந்து கட்டைக் குழல் குட்டை, விலை குறைவு.

"நாலு கட்டைதாண்ணா வேணும்."

அவர் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "நாலா? எல்லாரும் ஒரே கட்டை இருக்கான்னு கேட்டுத்தாம்மா வருவாங்க."

"எங்க சிங்கருக்கு நாலுதாண்ணா சரியா வரும்."

"சிங்கருக்கா?"

"ஆமாண்ணா. ஒண்ணுல வச்சா அவ தொண்டை கீழ போய் மாட்டிக்கும்."

"அஞ்சு கட்டைகூட ஒண்ணு வந்துச்சு. போன மாசந்தான் திருப்பி அனுப்பினேன்."

"அஞ்சு வேணாம்ணா. அது எங்க அம்மாவுக்குத்தான்."

"அம்மாவும் வாசிக்கிறாங்களா?"

"பாடுவாங்க."

வந்ததற்கு விஷயம் தெரிந்த மாதிரி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று, "பில்ட் எப்படிண்ணா?" என்றேன். கறுப்பின் முதுகில் தட்டி, "நாலு கட்டைக்கு இது நல்ல பில்ட்தாம்மா" என்றார். முன்பணம் கொடுத்தேன். புதுத் தந்தி போட்டு வைக்கிறேன், சனிக்கிழமை வாங்க என்றார்.

வீட்டில் அம்மாவுக்கும் திருப்தி. "இப்பல்லாம் கட்டை போட்டே விக்கறாளா? பேஷ். அந்தக் குழந்தைக்கு நாலு கட்டை சௌகர்யமா இருக்கும்." பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "ஏண்டி, கரண்ட் போனா அதை வாசிக்க முடியாதோ?"

"வாசிக்கலாம்மா. வாசிக்கறவாளுக்கு மட்டும் லேசாக் கேக்கும்."

"அப்போ கரண்ட் போனாத்தான் உத்தமம்."

வெள்ளிக்கிழமை கேன்டீனில் பேஸ்காரன் பப்ஸைக் கடித்துக்கொண்டே கேட்டான், "புதன்கிழமையே தனியா போய்ட்டியாமே. என்ன புக் பண்ணின?"

"நாலு கட்டை."

கடித்த வாயை மூடாமல் பார்த்தான். "தெரிஞ்சே யாராச்சும் நாலு கட்டை வாங்குவாங்களா?"

"நம்ம சிங்கருக்கு நாலு கட்டைதானே!"

மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். பப்ஸ் துகள் என் நோட்டில் விழுந்தது.

"மரம்டி லூசு! மரக்கட்டை! முழு உடம்பையும் ஒரே பலகைல செதுக்கினா ஒரே கட்டை. நாலு துண்ட ஒட்டிச் செஞ்சா நாலு கட்டை!"

"அப்ப அந்த இருபத்தஞ்சரை ஸ்கேல்?"

"அங்குலம். தந்தி எவ்ளோ நீளம்னு அர்த்தம். எந்த கிட்டார்லயும் எந்தக் கட்டைலயும் வாசிக்கலாம். ஒரு வருஷமா நீயே அதத்தான பண்ணிட்டிருக்க!"

வாஸ்தவம்தான். கிளப்பில் பாடகி பாடும்போது அவளுக்காகக் கழுத்தின் மூன்றாவது கட்டத்தில், தந்திகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்பை மாட்டி நானே சுருதியை ஏற்றியிருக்கிறேன். விரலுக்குத் தெரிந்த விஷயம் மூளைக்கு ஏன் வந்து சேரவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கடையில் போய் நின்று, ஒட்டுப்போட்டதுதான் வேண்டும் என்று அடம்பிடித்து, ஒட்டுப்போட்டதற்கு முன்பணமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இந்தக் கூத்து முடிந்து ஞாயிறன்று அந்த செகண்ட் இயர் பையன் என் இடத்தில் நிற்பதை நினைத்து டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் இருவருமாகப் போனோம். கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று இழுத்தேன்.

"நீங்கதானம்மா சிங்கருக்கு நாலுதான் சரின்னீங்க?"

"அது வேற கட்டைங்கண்ணா" என்றான் பேஸ்காரன். அவர் முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது. ஆர்மோனியமும் குழலும் விற்கிறவர் இல்லையா? "ஐயோ, சுருதியா!" என்று தொடையில் தட்டினார். "நானும் ரெண்டு நாளா என் வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுட்டிருக்கேன், சிங்கர் தொண்டைக்கும் மரத்துக்கும் என்னடி சம்பந்தம்னு." நல்ல மனுஷர், மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் பிரவுன் எனக்குக் கிடைக்கும். என் கையில் இருந்தது சரியாக அதுவரை வந்தது.

விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதன்பிறகுதான் உண்மையான குழப்பம் ஆரம்பித்தது.

பேஸ்காரன் பிரவுனை எடுத்துத் தலைப்பக்கத்திலிருந்து, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். என்னையும் பார்க்கச் சொன்னான். கழுத்து ஒரு பக்கமாக லேசாக முறுக்கியிருந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது, அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினேன். குறுக்கே பதித்திருந்த கம்பிகளின் முனைகள் ரம்பம் மாதிரி இழுத்தன. பன்னிரண்டாவது கம்பிக்கு மேல் எங்கே அழுத்தினாலும் ஒரு வண்டு உள்ளே மாட்டிக்கொண்டதுபோல கிர்ர் என்றது. கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் செருகிக் காட்டினார். பிரவுனில் சீட்டு உள்ளே போனது.

"இடைவெளி இருக்கும்மா. நான் மறைக்க மாட்டேன்."

கறுப்பில் சீட்டு போகவில்லை. முனைகள் வழவழவென்று இருந்தன. எல்லா இடத்திலும் ஸ்வரம் சுத்தமாகப் பேசியது. ஆனால் அவர் பின்பக்க மூடியைக் கழற்றிக் காட்டியபோது, பெயின்ட் படாத உள்மரத்தில் ஒட்டின கோடுகள் மூன்று, பளிச்சென்று தெரிந்தன.

"பிரவுனே எடு" என்றான் பேஸ்காரன். "கம்பிய ராவிக்கலாம், கழுத்த சரி பண்ணிக்கலாம். மரத்த மாத்த முடியுமா?"

"நாளைக்கே வாசிக்கணும்டா. நாளைக்குள்ள யார் ராவித் தருவா?"

"நாளைக்கு மட்டுமா வாசிக்கப் போற?"

அது நியாயம். கறுப்பை எடுத்தால் அதுவும் நியாயம்தான். மூன்று வீடியோக்காரர்களும் என் தலைக்குள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மரம். பிக்கப். கழுத்து. மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் ஆனது. கடைக்காரர் டிபன் கேரியரைத் திறந்துவிட்டார். பேஸ்காரனே நடுவில் ஒருமுறை கறுப்பு என்றான், பிறகு ஒட்டுக்கோடுகளைப் பார்த்துவிட்டு மறுபடி பிரவுன் என்றான்.

கடைசியில் ஒரு காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டிய பாட்டின் இடையிசையை இரண்டிலும் வாசித்தேன். பிரவுனில் பாதியில் விரல் தயங்கியது, என் கவனம் முழுக்க எந்த இடத்தில் வண்டு கத்தும் என்பதில் இருந்தது. கறுப்பில் பாட்டு முடிந்ததே எனக்குத் தெரியவில்லை. "கறுப்பு" என்றேன். சொன்ன கையோடு சந்தேகம் வந்தது. புத்தியால் தேர்ந்தெடுத்தேனா, புதன்கிழமை செய்த முட்டாள்தனத்தை நியாயப்படுத்தினேனா? பஸ்ஸில் காவிரிப் பாலம் வரும்வரை யோசித்தேன். பிறகும் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ப்ராக்டிஸ் அறைக்குப் போய் உறையைப் பிரித்தேன். பாடகி வந்து பார்த்தாள். கறுப்பு அழகாக இருக்கிறது என்றாள். "சரி, மாட்டு."

"எதை?"

"கேபிளை."

ஒரு வாரமாக மரம் பார்த்தேன், கழுத்து பார்த்தேன், கம்பி முனை பார்த்தேன். கிட்டாரை ஸ்பீக்கரோடு இணைக்கிற ஒயர் ஒன்று வேண்டும் என்பது கடையில் நின்ற எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அங்கே கடைக்காரரின் ஒயரில் வாசித்தோம், அதை அங்கேயே கழற்றிவிட்டு வந்தோம். அறையிலிருந்த ஒரே உபரி ஒயரை அந்த சீனியர் கிட்டாரோடு பெங்களூருக்குக் கொண்டுபோயிருந்தார்.

பாடகி என்னைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். அந்த செகண்ட் இயர் பையன் ஹாஸ்டலில்தான் இருக்கிறான், போன் செய்தால் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். பேஸ்காரன் தன் கிட்டாரிலிருந்து ஒயரை உருவி என் பக்கம் எறிந்தான். ஊமையாகிப்போன பேஸை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான்.

"பேஸ் இல்லாமலா?" என்றாள் பாடகி.

"ஒரு பாட்டு கேளு. அப்புறம் பேசு."

ஆரம்பத்தில் ஒரு இடத்தில் தடுக்கினேன். அவள் நிறுத்தவில்லை, நானும் பிடித்துக்கொண்டேன். இடையிசை வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாளா, அலுத்துப்போய்த் தரையைப் பார்த்தாளா என்று என்னால் சொல்ல முடியாது, என் கண் விரல்மேல் இருந்தது. பாட்டு முடிந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மெதுவாகக் குடித்தாள். அத்தனை மெதுவாக யாரும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

"புதன்கிழமை ஆறு மணிக்கு அடுத்த ப்ராக்டிஸ்" என்றாள். "கேபிள் வாங்கிட்டு வந்துடு."

"எத்தனை அடி?" என்று கேட்டேன்.

சுவரோரம் இருந்தவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.