மூடி வையுங்க, திறக்க வேணாம்

டொக்டர் மகளின் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளா நல்லா நொந்திருக்கும். புள்ள ஒண்டும் சொல்லல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டப் போன எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. சொல்லியிருக்கிறாள். ரெண்டு நாளாக, டிவி நிறுத்தியிருந்த நேரங்களிலும் ஒரே வசனம்: "மூடி வையுங்க, திறக்க வேணாம்."

அது பின்னேரம் நாலரைக்கு வரும் சமையல் நிகழ்ச்சியின் வசனம். ஆறு வயது மகளுக்கு ஓட்டிசம். சொந்தமாக ஏழெட்டுச் சொல்தான் வரும். ஆனால் அந்தச் சமையல் அம்மா பேசுவதை, இடையில் மூச்சு வாங்குவதையும் சேர்த்து, அப்படியே ஒப்புவிப்பாள்.

அந்த வசனம்தான் அவள் நோவைச் சொன்ன விதமோ என்று, மருந்தோடு பஸ் ஏறியதும் கணவரிடம் சொன்னேன். வாவிப் பாலம் தாண்டும்போது சிரித்தார்.

"போன கிழமை காகத்தப் பாத்தும் அதத்தானே சொன்னவள்? காகத்துக்கும் காதுக்குத்தா?"

"சிரிங்க, சிரிங்க. நான் கண்டுபிடிக்கத்தான் போறன்."

வீட்டுக்கு வந்ததும் காது நோவுக்கு யார் காரணம் என்ற என் சந்தேகம் முதலில் கணவரின் அம்மா, மாமி மேல் பாய்ந்தது. எண்ணெய் மணக்கிறதா என்று மகளின் காதை முகர்ந்தேன்.

"மாமி, காதுக்க எண்ணெய் கிண்ணெய் விட்டீங்களா?"

"நான் ஒண்டும் விடல்ல மனே. கள்ளியப் பாக்கிற மாதிரிப் பாக்காத. எல்லாம் அந்த டிவியால வந்த வினை."

டிவியால்தான் பிள்ளை இப்படி என்பது மாமியின் கட்சி. ஒருமுறை ரிமோட்டை ஐந்து நாள் அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தவர். அந்த ஐந்து நாளும் மகள் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. நோவு இல்லாததாலா, நோவைச் சொல்ல வழி இல்லாததாலா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு கொப்பி வாங்கி, அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் எழுதினேன். கோயில் மேளம் காதைப் பிளந்தபோது சொன்னாள். சளி பிடித்தபோது சொன்னாள். சும்மா ஊஞ்சலில் இருந்தும் சொன்னாள். முதல் இரண்டையும் பெரிய எழுத்திலும் ஊஞ்சலைச் சின்ன எழுத்திலும் எழுதியிருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். இந்த வழக்கில் மாமியை விட நம்பக்கூடாத சாட்சி நான்தான். மகள் என்னோடு பேசுகிறாள் என்று நம்ப எனக்கு அவ்வளவு ஆசை.

நேற்றுப் பின்னேரம் மறுபடியும் சொன்னாள். காய்ச்சல் இல்லை, காது ஆறிவிட்டது. "எங்க நோகுது?" என்று கேட்டேன். "எங்க நோகுது," என்றாள் என் குரலிலேயே. வயிறா, பல்லா, ஒன்றுமே இல்லையா? கேள்வி கேட்டு ஆகாது என்று அப்போதுதான் உறைத்தது.

நாளைக்கு நாலரைக்கு, பால் சட்டியின் சின்ன மூடியை எடுத்து வரப்போகிறேன். விளிம்பு வெட்டாது, பார்த்துவிட்டேன். டிவியில் அந்த வசனம் வரும்போது மூடியை என் முழங்காலில் வைப்பேன். மறுகா கணவரின் வயிற்றில். விளையாட்டாக, தினமும். என்றைக்காவது நோவு வரும்போது மூடியை அவளே நோகிற இடத்தில் வைக்கிறாளா பார்ப்போம். இந்தமுறை கொப்பியில் அவர்தான் எழுதுவார், எனக்கு என் மேலேயே நம்பிக்கையில்லை.

மாமியிடமும் சொன்னேன். முறைத்தார்.

"என்ட தலையில வை. அங்கதான் எப்பவும் நோகுது."