வெங்காயத் தாள் சாயும்வரை

அந்த வீட்டில் அவளை எல்லாரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் கடைசியாக எழுந்திருப்பாள். இன்று கேள்வி கேட்டால் பதில் நாளை வரும். பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் “யோசிச்சு சொல்றேன்” என்றாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவர்களில் இரண்டு பேருக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் கிடையாது. நாற்பத்தாறு வயதில் பெரியண்ணனோடும் அண்ணியோடும் இரண்டு ஏக்கர் வெங்காய வயலோடும் அவள் பாட்டுக்கு இருந்தாள்.

வருடத்தின் பெரிய விடுமுறை வாரத்தில் அந்த வீட்டுக்குள் கால் வைக்க இடம் இருக்காது. டவுனில் பஸ் ஓட்டும் தம்பி குடும்பத்தோடு வருவான். சித்தப்பா மக்கள் வருவார்கள். வருகிறவர்கள் மட்டும் பதிமூன்று பேர். விடுமுறையின் முதல் நாள் காலையிலேயே எல்லாரும் வயலில் இறங்கி வெங்காயம் பிடுங்குவது அப்பா காலத்து வழக்கம். ஆளுக்கொரு வரிசை. எதிர் வரப்பை முதலில் தொடுகிறவருக்கு அன்று முழுக்க வேலை கிடையாது. மரத்தடியில் படுத்துக்கொண்டு மற்றவர்களை அதிகாரம் செய்யலாம். தம்பிதான் எப்போதும் ஜெயிப்பான். நிதானம் எப்போதும் கடைசி.

பிடுங்கியதைக் காயவைத்துக் கொட்டகையில் அடுக்கி, நான்கு மாதம் கழித்துத் திறந்தால் மூன்றில் ஒரு பங்கு அழுகியிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டி வண்டியாக அள்ளிக் கொட்டுவார்கள். “நம்ம மண்ணு அப்படி” என்பார் பெரியண்ணன். அவருக்கு முன் அப்பாவும் அதையேதான் சொன்னார். ஒரு காரணத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது வீட்டு ஆளைப் போல உட்கார்ந்துவிடுகிறது; எழுப்பி விசாரிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒரு வருடம் தம்பிக்குக் காய்ச்சல். அவனுடைய வரிசை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. எல்லாரும் ஊர் திரும்பிப் பன்னிரண்டு நாள் கழித்து நிதானம்தான் அதைப் பிடுங்கி, காயவைத்து, சமையலறை மூலையில் ஒரு கூடையில் போட்டு வைத்தாள். ஆறு மாதம் ஆகியும் அந்தக் கூடையில் ஒன்றுகூட அழுகவில்லை.

“இது எந்தக் கடையில வாங்கினது?” என்று கேட்டாள் அண்ணி.

நிதானம் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி கூடையில் போட்டாள். அடுத்த வருடம் ஓரத்தில் ஒரு பாத்தியைப் பிடுங்காமல் விட்டாள். அதற்கடுத்த வருடமும் விட்டாள். மூன்றாம் வருடமும் விட்டாள். மூன்று முறையும் தாள் சாய்ந்த பிறகே பிடுங்கி வைத்தாள்; எதுவும் அழுகவில்லை. ஒரு விஷயம் இரண்டு முறை நடந்தாலே நம்பிவிடுகிறவர்கள் அதிகம்; அவளுக்கு நான்கு முறை நடக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

அடுத்த விடுமுறைக்கு முந்தின நாள், எல்லாரும் வந்து இறங்கி, முற்றத்தில் செருப்புகள் குவிந்து கிடந்த நேரம்.

“அண்ணா, நாளைக்குப் பிடுங்க வேண்டாம். தாள் இன்னும் நிமிர்ந்து நிக்குது. காயும் தாளும் சேர்ற கழுத்து பச்சையா, தடியா இருக்கு. அது தானா சாஞ்ச பிறகு பிடுங்கினா அழுகாது.”

“எப்போ சாயும்?”

“பத்து நாள் ஆகும். பன்னிரண்டும் ஆகலாம்.”

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். “அக்கா, வெங்காயம் பூசணிக்காய் ஆகட்டும்னு காத்திருக்கியா? பத்து நாள் கழிச்சு யார் பிடுங்குவா? என் பஸ்ஸை இங்கே நிறுத்திட்டுப் பயணிகளை இறக்கி விடட்டுமா?”

“அழுகறது மண்ணால இல்லடா. நம்ம லீவால. உனக்கு லீவு விட்டது வெங்காயத்துக்குத் தெரியுமா?”

சிரிப்பு அடங்கிவிட்டது. அப்பாவின் வழக்கத்தையே அவள் குற்றம் சொல்கிறாள் என்பது எல்லாருக்கும் புரிந்தது. பெரியண்ணன் முகம் சுருங்கியது.

“சரி. ஒரு ஏக்கர் உனக்கு. நீயே பிடுங்கு, நீயே காயவை. நான் கை வைக்க மாட்டேன். மழை வந்து போச்சுன்னா, இனிமே வயல் விஷயத்துல நீ வாயைத் திறக்கக் கூடாது. சம்மதமா?”

அன்றைக்கு மட்டும் அவள் யோசிக்கவில்லை. “சம்மதம்” என்றாள்.

மறுநாள் வயலின் நடுவே கயிறு கட்டினார்கள். இந்தப் பக்கம் கூச்சலும் போட்டியுமாக வேலை நடந்தது. தம்பி வழக்கம்போல ஜெயித்து, மரத்தடியில் படுத்துக்கொண்டு, “கயித்துக்கு அந்தப் பக்கம் காவல் நிக்கிறவங்களுக்கு ஒரு டீ கொடுங்கப்பா!” என்று அதிகாரம் செய்தான். அவள் டீயை வாங்கிக் குடித்தாள். நன்றாகவே இருந்தது.

வாரம் முடிந்தது, எல்லாரும் போய்விட்டார்கள். தினமும் காலையில் அவள் வரிசை வரிசையாக நடந்து, இரண்டு விரலால் ஒவ்வொரு கழுத்தாக அழுத்திப் பார்த்தாள். எட்டாம் நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாள் சாய்ந்தது. தண்ணீரை நிறுத்தினாள். ஒன்பதாம் நாள் மேற்கே மேகம் தெரிந்தது. பிடுங்கிவிடலாமா என்று குனிந்தவள், கழுத்தை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மேகம் கலைந்தது. அதில் அவளுடைய சாமர்த்தியம் எதுவும் இல்லை; அதை அவளே ஒத்துக்கொள்வாள். கையை எடுத்தது மட்டும் அவளுடையது.

பன்னிரண்டாம் நாள் முக்கால் வயல் படுத்துக் கிடந்தது. பிடுங்க ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்து வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

“உங்க அண்ணன்தான் கை வைக்க மாட்டேன்னார். நான் எதுவும் சொல்லலையே.”

இரண்டு பேரும் ஆறு நாள் பிடுங்கினார்கள். ஒரு வரிசையின் காய் மேல் அடுத்த வரிசையின் தாள் விழும்படி பரப்பி, வெயில் நேராகப் படாமல் காயவைத்தார்கள். கழுத்து நூல்போல் சுருங்கி, தோல் சலசலத்தபோது மறுபடி மேகம் திரண்டது. இந்த முறை அது கலைகிற மேகம் இல்லை. இரண்டு பேரும் கூடையும் தலையுமாக ஓடிக்கொண்டிருந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. பெரியண்ணன் இறங்காமலே, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “வண்டி சும்மாதான் நிக்குது. அள்ளிப் போடுங்க.”

கடைசி வண்டி கொட்டகைக்குள் நுழைந்த பிறகுதான் முதல் துளி விழுந்தது. இடது பக்கத் தட்டுகளில் அவருடையது. வலது பக்கத்தில் அவளுடையது.

நான்கு மாதம் போனது. கொட்டகையைத் திறக்கிற நாளுக்குத் தம்பி லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். கேலி செய்யத்தான் வந்தேன் என்று பிறகு ஒத்துக்கொண்டான். கதவைத் திறந்ததும் பழகிய நாற்றம் அடித்தது. இடது பக்கம் வழக்கம்போல மூன்றில் ஒரு பங்கு கூழாகிக் கிடந்தது. வலது பக்கத்தைப் பெரியண்ணனே தட்டு தட்டாகக் கிளறினார். மதியம்வரை கிளறினார். கெட்டது என்று அவரால் எடுக்க முடிந்தது ஒரே ஒரு கூடை.

அவர் அந்தக் கூடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்பா காலத்துலேர்ந்து எத்தனை வண்டி கொட்டியிருப்போம்” என்றார்.

“ஏன் அக்கா, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றான் தம்பி.

“அப்போ எனக்கே நிச்சயமா தெரியாதே.”

பெரியண்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “அடுத்த வருஷம் என்னைக்குப் பிடுங்கறதுன்னு நீதான் சொல்லணும். ஒரு ஏக்கர் இல்ல, ரெண்டும்.”

அடுத்த வருடம் விடுமுறை வாரத்தில் எல்லாரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். வயல் பக்கம் யாரும் போகவில்லை. பதினோரு நாள் கழித்து அவள் போன் செய்தாள். பதிமூன்று பேரும் எப்படியோ இரண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். காலையில் வரப்பில் வரிசையாக நின்றார்கள். நிதானம் மட்டும் வயலுக்குள் இறங்கி, ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து கழுத்தை அழுத்திக்கொண்டே போனாள்.

“அக்கா, இறங்கலாமா?” என்று கத்தினான் தம்பி.

“பேசாம நில்லுடா” என்றார் பெரியண்ணன்.

எதிர் வரப்புவரை போய்த் திரும்பி, அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். பதிமூன்று பேரும் ஒரே கூச்சலாக வயலுக்குள் குதித்தார்கள்.