ஜெனரேட்டரில் ஓடிய மின்கலம்

காற்றில் கரியைக் குறைப்பதற்காகச் செய்யும் ஒரு சோதனை, தான் குறைப்பதைவிட அதிகமான கரியைக் காற்றில் சேர்த்தால், அதன் முடிவை வெற்றி என்று எழுதலாமா? திருத்தங்கலில் ஓர் அச்சகத்தின் வாசலில் நின்றபோது இந்தக் கேள்வியிடம் நான் மாட்டிக்கொண்டேன்.

அப்போது விருதுநகரில் வேதியியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். கரியமில வாயுவை உப்புக் கரைசலில் செலுத்தி, வெள்ளீயத் தகட்டின் வழியே மின்சாரம் பாய்ச்சினால், வாயுவின் ஒரு பகுதி ஃபார்மிக் அமிலத்தின் உப்பாக மாறும். தோல் பதனிடவும் ரப்பர் பாலை உறையவைக்கவும் உதவும் அமிலம் அது. புகையாகப் போவதைப் பொருளாகத் திருப்பிவிடலாம் என்ற எண்ணமே என்னை அந்தத் தலைப்புக்கு இழுத்தது.

தகடு நீடித்து உழைக்கும் என்று நிறுவ, ஒரு பகல் முழுவதும் தடையற்ற மின்சாரம் வேண்டும். நடுவில் நின்றால் தகட்டின் மேற்பரப்பு மாறிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டுகளின் மின்வெட்டில் என் சோதனை ஒருமுறைகூட மாலையைப் பார்க்கவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிவந்தது.

அக்காவின் கணவர் திருத்தங்கலில் அச்சகம் நடத்திவந்தார். காலண்டர் சீசன், ஜெனரேட்டர் பகலெல்லாம் ஓடும். சோதனை நடக்கும் கண்ணாடி மின்கலத்தையும் வாயு சிலிண்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

"வாங்க டாக்டரம்மா," என்றார் அத்தான். "தகடு பத்தலைன்னா சொல்லு, காலண்டருக்கு அடிக்கிற தகரம் அம்புட்டும் இங்கனதான் கெடக்கு."

வழக்கமாகச் சாப்பாட்டு நேரத்தில் ஜெனரேட்டரை நிறுத்துவார்கள். அன்று எனக்காக நிறுத்தவில்லை. அளவுகள் அழகாக வந்தன. இன்னும் கொஞ்ச நேரம் போனால் போதும் என்றிருந்தபோது, வடக்கே இடி உறுமியது. மறுநொடி எல்லாம் அடங்கியது. ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்தார் அத்தான்.

அச்சகம் தொடங்குவதற்கு முன் அவர் எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலை பார்த்தவர். இடிச் சத்தம் கேட்டால் மருந்தை அப்படியே விட்டுவிட்டு வெட்டவெளிக்கு வந்துவிட வேண்டும் என்பது அங்கே பழக்கம். அது அவர் உடம்போடு கூடவே வந்திருந்தது.

"இது அச்சாபீஸ் அத்தான், பட்டாசுக் கம்பெனி இல்ல," என்றேன்.

"இடிக்கு அது தெரியுமா?" என்றார்.

காலண்டருக்குத் தகரம் அடிக்கும் பெண் ஒருவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஒங்க அத்தான நான் கும்பிடணும். இப்பத்தான் மூச்சு விட முடியுது. இன்னைக்குச் சோத்துலயும் டீசல் வாடை. ஏத்தா, நீ என்னதான் செய்யிற அந்தக் கண்ணாடிக்குள்ள?"

"புகையைக் குறைக்க ஒரு வழி பாக்கிறேன், அக்கா."

அவர் ஜெனரேட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லாக் கொறைச்ச போ," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டுப்போன சோதனையின் எரிச்சல் ஒரு பக்கம். அவர்கள் சாப்பிடும் நேரத்தில் ஓடிய இயந்திரம் என் கண்ணாடிக் கலத்துக்காக மட்டுமே ஓடியது என்ற உண்மை மறுபக்கம். பேருந்தில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். அந்த ஒரு சாப்பாட்டு வேளையில் டீசல் கக்கிய கரிக்கு முன், பகல் முழுக்க நான் மாற்றிய கரி ஒரு தூசி. சோதனை தடையில்லாமல் முடிந்திருந்தாலும் கணக்கு இதுவேதான்.

இதை ஆய்வேட்டில் ஒரு பக்கமாக எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். "தகட்டின் திறன்தான் நம்ம தலைப்பு. மின்சாரம் எங்கேயிருந்து வந்தா என்ன? மறுபடி அங்கேயே போய் ஓட்டி முடிச்சுட்டு வாங்க."

தலைப்பின் எல்லைக்குள் அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் திருத்தங்கலுக்குத் திரும்பிப் போக மனம் ஒப்பவில்லை. அடித்த பக்கத்தை மறுபடி எழுதிச் சேர்த்து, அரைகுறை அளவுகளோடு ஆய்வேட்டைக் கொடுத்தேன். "உங்க விருப்பம்" என்று கையெழுத்திட்டார். அதன்பின் என்னோடு அதிகம் பேசவில்லை.

எம்.ஃபில். சாதாரண மதிப்பெண்ணில் முடிந்தது. அதற்குப் பிறகு எந்த மின்கலத்தையும் நான் ஜெனரேட்டரில் ஓட்டியதில்லை.