விஜயகுமாரி சொல்லிக்கொடுத்த பதில்கள்

விஜயகுமாரி திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தும் ஒரு பனியன்கூடத் தைத்ததில்லை. அவர் வேலை ஆடிட். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் கேட்கும் கேள்விக்கெல்லாம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களைப் பழக்கியவர் விஜயகுமாரி. "எத்தனை மணி நேரம் வேலை?" என்றால் "எட்டுங்க." "ஓவர் டைம்?" என்றால் "விருப்பப்பட்டாத்தானுங்க." அவர் பழக்கினால் தையல் மெஷின்கூடச் சரியான பதில் சொல்லும் என்று கம்பெனியில் பேசிக்கொள்வார்கள்.

கம்பெனி மூடியதும், குன்னத்தூர் பக்கம் டேனியல் என்பவர் நடத்தும் இல்லத்தில் மேலாளராகச் சேர்ந்தார். அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் பதினெட்டுப் பேர் அங்கே தங்கியிருந்தார்கள். விஜயகுமாரிக்குப் பழைய பழக்கம் விடவில்லை. தரையெங்கும் மஞ்சள் அம்புக்குறி ஒட்டினார். குளிக்கப் போகிறவர்களை "லைன் ஒண்ணு வாங்க, லைன் ரெண்டு நில்லுங்க" என்று கூப்பிட்டார்.

"ஏனுங் மேடம், நாம எதாச்சும் எக்ஸ்போர்ட் பண்றமுங்களா?" என்று டேனியல் ஒருநாள் பயந்துபோய்க் கேட்டார்.

இதற்கிடையில் இல்லத்தின் உரிமம் முடியும் காலம் வந்தது. அரசு அதிகாரி ஆய்வுக்கு வருவார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் இல்லத்தை மூடி, பதினெட்டுப் பேரையும் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். விஜயகுமாரிக்கு அதுதான் கவலை. அவர்களில் அனிதா, விஜயகுமாரியைத் தவிர வேறு யாரையும் தன் தலைமுடியைத் தொட விடமாட்டார். இடி இடித்தால் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். புது ஊரில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

அதனால் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். தினமும் சாயங்காலம் டீ குடித்ததும் பதில் வகுப்பு.

முதல் மாணவர் மாரிச்செல்வம். வயது நாற்பது. பனியன் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த பெற்றோரின் மகன். அவர் பேச்சு இன்னும் அந்த ஊர்ப் பேச்சுதான். ஆனால் விஜயகுமாரி சொல்லிக்கொடுத்த பதில்கள் மட்டும் சுத்தமான கொங்குத் தமிழில் வரும்.

"மொதக் கேள்வி. சாப்பாடு எப்புடி?"

"நேரத்துக்குக் குடுக்கறாங்க. ஞாயித்துக்கெழம கறியோடங்க."

"ரெண்டாவது. யாராச்சும் அடிக்கறாங்களா?"

"அப்புடி ஒண்ணுமே இல்லீங்க."

"மூணாவது. டாக்டர் வர்றாரா?"

"மாசம் ஒருக்காங்க."

"அட என்ற கண்ணு! கம்பெனியில இருந்திருந்தீன்னா நீ சூப்பர்வைசரு!"

"அப்ப என்னைய சூப்பர்வைசரா போடுதீகளா எக்கா?"

ஆய்வு நாளும் வந்தது. அதிகாரியின் பெயர் சத்யப்பிரியா. வந்ததிலிருந்து அவர் சிரிக்கவே இல்லை. கழிவறையைப் பார்த்தார், மருந்து அலமாரியைத் திறந்தார், சமையலறைக் குக்கரின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து மாரிச்செல்வத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இங்க உங்களை யாராவது அடிக்கிறாங்களா?"

மாரிச்செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நேரத்துக்குக் குடுக்கறாங்க. ஞாயித்துக்கெழம கறியோடங்க."

டேனியல் கண்ணை மூடிக்கொண்டார்.

"டாக்டர் வர்றாரா?"

"அப்புடி ஒண்ணுமே இல்லீங்க."

"சாப்பாடு?"

"மாசம் ஒருக்காங்க."

அதிகாரி மெதுவாகத் திரும்பினார். "சொல்லிக்குடுத்தீங்களா?"

இந்தக் கேள்விக்கும் கம்பெனியில் ஒரு பதில் உண்டு. ஆனால் இன்று அது வாயில் வரவில்லை. "ஆமாங்க" என்றார் விஜயகுமாரி.

"மறைக்க ஏதாவது இருந்தாத்தான் சொல்லிக்குடுப்பாங்க. ரெண்டு பேரும் வெளிய இருங்க. நான் இவங்ககிட்ட தனியாப் பேசணும்."

ஜன்னலுக்கு வெளியே, துணி காயும் கொடியருகே இருவரும் நின்றார்கள். "கம்பெனியில இப்புடி ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று டேனியல் கிசுகிசுத்தார்.

"ஆனதே இல்லீங்களே!"

உள்ளே அதிகாரியின் குரல் கேட்டது. "அக்கா சொன்னதை விடுங்க. இங்க உங்களுக்கு என்ன பிடிக்கல?"

மாரிச்செல்வம் தன் சொந்தப் பேச்சில் ஆரம்பித்தார். "ஒம்பது மணிக்கே டிவிய அமத்திருதாக."

மடை திறந்துவிட்டது. அனிதா, "சடைய இறுக்கிப் பின்றாங்க, தல வலிக்குது" என்றார். வாயே திறக்காத நாச்சிமுத்து, "எப்பப் பாத்தாலும் அரசாணிக்காய்" என்றார்.

"ஆமா, பூசணிக்காதான்!" என்றார் மாரிச்செல்வம். "சாம்பார்ல பூசணிக்கா, பொரியல்ல பூசணிக்கா. நேத்து பாயாசத்துலயும் கெடந்துச்சு!"

விஜயகுமாரியால் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "பாயாசத்துல போட்டது சொரக்காய்ங் மேடம்! ஒடம்புக்குக் குளிர்ச்சிங்க!"

மாரிச்செல்வம் எழுந்து விரலை நீட்டினார். "எக்கா, ஒங்கள வெளியதான நிக்கச் சொன்னாக? நாங்க பேசிட்டிருக்கோம்லா? தலைய எடுங்க."

"சரி கண்ணு" என்று விஜயகுமாரி தலையை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் அந்த அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார்.

மதியச் சாப்பாடு ஆறியும் புகார்கள் முடியவில்லை. ஒருவழியாக அதிகாரி வெளியே வந்தபோது விஜயகுமாரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "இவங்களப் பிரிச்சு அனுப்பிருவீங்களா மேடம்?"

"நான் போற இடத்துல எல்லாரும் 'நல்லா இருக்கு'ன்னுதான் சொல்லுவாங்க. சொல்லிட்டு வார்டன் முகத்தைப் பாப்பாங்க. இங்க ஒருத்தர்கூட உங்க முகத்தைப் பாக்கல. நீங்கதான் திட்டு வாங்குனீங்க. உரிமத்துக்கு எழுதிடறேன்" என்றார் அவர். "ஆனா கழிவறையில இன்னொரு கைப்பிடி வைக்கணும். என்ன சமைக்கறதுன்னு அவங்களைக் கேக்கணும். பதில் வகுப்பு இனி கூடாது. மூணு மாசத்துல மறுபடி வருவேன். சொல்லாம வருவேன்."

ஜீப் போனதும் விஜயகுமாரி படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மாரிச்செல்வம் வந்து எதிரில் நின்றார்.

"எக்கா, அந்த மேடம் மறுபடி வருவாகளா?"

"மூணு மாசத்துல வருவாங்க. ஏன் சாமி?"

"இன்னைக்குச் சொன்னதெல்லாம் அதுக்குள்ள சரியாயிரும்லா? அப்ப புதுசா யோசிக்கணும்லா?"

யோசிப்பதற்காக அவர் உடனே ஒரு கூட்டம் கூட்டினார். அனிதாவைக் கூப்பிட்டார், நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார், டேனியலைக்கூடக் கூப்பிட்டார். விஜயகுமாரியை மட்டும் கூப்பிடவில்லை.