ஃபயர்வால் ரூபினி

“யாரு, எங்கேர்ந்து, எதுக்கு?”

தொலைபேசியை எடுத்ததும் ரூபினி கேட்பது இதைத்தான். ஹலோ எல்லாம் கிடையாது. எக்ஸ்ரே அறையானாலும் கூரியர்காரரானாலும் சொந்த மாமியாரானாலும் இதே மூன்று கேள்விகள்தான். மாமியார் பழகிவிட்டார். சந்தாபுராவிலிருந்து கூப்பிடும்போதெல்லாம், “நான்தான்மா, வீட்லேர்ந்து, சும்மாதான்” என்று வரிசை மாறாமல் பதில் சொல்கிறார்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள நடுத்தர மருத்துவமனை ஒன்றில் நெட்வொர்க் பொறியாளர் ரூபினி. பெயர்ப்பலகையில் இருப்பது அது. வார்டுகளில் வழங்குவது ஃபயர்வால் ரூபினி. நோயாளிகளுக்கான கையேடுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுகிற நான் அதே மாடியில் இருக்கிறேன். எங்கள் மேசைகளுக்கு நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அது பார்வையை மறைக்கும், பேச்சை மறைக்காது.

ரூபினி பிறந்து வளர்ந்தது பக்கத்திலிருக்கும் மர்ஃபி டவுன். கீரைக்காரம்மாவிடம் கன்னடம், ஆட்டோக்காரரிடம் உருது கலந்த ஒரு பாஷை, வெளியூர்க் கம்பெனிக்காரர்களிடம் வெட்டி வெட்டி ஆங்கிலம். கம்ப்யூட்டரிடம் மட்டும் தமிழ். “எந்திரிப்பா, எந்திரி. நேத்து நல்லாத்தானே இருந்தே” என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டால், ஏதோ ஒரு பெட்டி படுத்துவிட்டது என்று அர்த்தம்.

காலையில் காராபாத் என்கிற கார உப்புமா வாங்குவார். சட்னி தனிக் கிண்ணத்தில் வர வேண்டும், தட்டில் அதைத் தொட்டுக்கொண்டுகூட இருக்கக் கூடாது. மே மாதத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மரூன் ஸ்வெட்டர் தொங்கும். சர்வர் அறையின் குளிருக்கு அது. எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிய, மகளின் பழைய ரப்பர் பேண்டுகளை வண்ணவாரியாக வயர்களில் மாட்டியிருக்கிறார். ஒன்றில் இன்னும் ஒரு பிளாஸ்டிக் பட்டாம்பூச்சி இருக்கிறது. வீட்டு வைஃபை கடவுச்சொல்லைப் பண்டிகைக்குப் பண்டிகை மாற்றுவாராம். கணவர் நாகேஷ் ஒருமுறை வந்தபோது என்னிடம் சொன்னார்: “யுகாதிக்குப் புதுத்துணி வருதோ இல்லியோ சார், புது பாஸ்வேர்ட் வந்துடும். நானே க்யூவுல நின்னுதான் கேக்கணும்.”

இனி வேலை. மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் சில சர்வர்களில் இருக்கின்றன. ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகள் அடுக்கிய அறையில், லேசான பினாயில் வாசனையோடு அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. நோயாளிகளின் விவரங்கள் வெளியே கசியக் கூடாது என்பதற்காக அவற்றுக்கு இன்டர்நெட்டே கிடையாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். நல்ல முடிவுதான். ஆனால் மென்பொருளில் ஓட்டைகளை அடைக்கும் புதுப்பித்தல்கள் வெளியிலிருந்துதானே வர வேண்டும்? யாராவது ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து செருகுவார். ஒருமுறை அந்தப் பென்டிரைவில் கல்யாண வீடியோவும், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு வைரஸும் வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு புது ஃபயர்வால் வாங்கி ரூபினியிடம் கொடுத்தார்கள். சர்வர்களுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் வாசல் அது. அவர் எழுதிய விதி எளிமையானது. சர்வர்கள் அவர் அனுமதித்த சில இடங்களுக்கு மட்டும் போய்ப் புதுப்பித்தலைக் கேட்கலாம். கேட்டதற்கான பதில் உள்ளே வரலாம். கேட்காமல் வருகிற எதுவும் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். வேறு எந்த இடத்துக்கும் சர்வர்களும் போகக் கூடாது.

“அதையும் சேத்து தொறந்து வுட்டுடலாமே” என்று எந்தத் துறை கேட்டாலும் ஒரே பதில். “பேடா. எது வேணுமோ அது மட்டும்.” வேண்டாம் என்பதற்கு அவருக்குத் தமிழில் சொல் வருவதே இல்லை. கன்னடத்துப் ‘பேடா’வில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அப்படிப்பட்டவருக்குப் போன மழைக்காலத்தில் ஒரு காலை விடிந்தது.

முந்தைய இரவு மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில், சர்வர்களைத் தாங்கும் பேட்டரி கைவிட்டுவிட்டது. சர்வர்கள் அணைந்து, தாமாகவே மறுபடி எழுந்தன. ரூபினி வந்து பார்த்தபோது எல்லாம் பச்சை விளக்கு. ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டிவிட்டுக் காராபாத்தைப் பிரித்தார். அப்போது ஆண்கள் வார்டிலிருந்து ஓஸ்வால்ட் கூப்பிட்டார். அங்கே மூத்த நர்ஸ் அவர்.

“யாரு, எங்கேர்ந்து...”

“அக்கா, ஓஸ்வால்ட். கொஞ்சம் மேல வாங்க. காலைல எடுத்த பிளட்டு, நேத்து சாயங்காலம் எடுத்ததுன்னு வருது.”

வார்டில் டாக்டர் ரக்ஷிதா திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நாராயணசாமி என்கிற சிறுநீரக நோயாளியின் ரத்தத்தில் முந்தைய இரவு பொட்டாசியம் அபாய அளவுக்கு ஏறியிருந்தது. மருந்து கொடுத்து, காலையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதில் அளவு இறங்கிவிட்டது. ஆனால் சர்வரின் கடிகாரம் அரை நாள் பின்தங்கி ஓடியதால், காலை முடிவுக்கு முந்தைய நாள் மாலை நேரம் விழுந்திருந்தது. ஆகவே இரவின் அபாய அளவுதான் கடைசி முடிவு போலத் திரையின் மேல் வரிசையில் நின்றது. இன்னொரு சுற்று மருந்துக்கு எழுதப்போன டாக்டர், காலை முடிவு எங்கே என்று ஓஸ்வால்டைக் கேட்டிருக்கிறார். இருவரும் சேர்ந்து தேடியதில்தான் அது கீழே பழையதோடு பழையதாகக் கிடந்தது தெரிந்தது.

“கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்று ரூபினி கேட்டார்.

“ரொம்பக் கீழ இறங்கியிருக்கும். ஹார்ட்டுக்கு நல்லதில்ல” என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது என்று பின்னால் ரூபினி சொன்னார்.

சர்வர் அறைக்குத்தான் ஓடுவார் என்று கூடப் போயிருந்த நான் நினைத்தேன். ஓடவில்லை. வார்டிலேயே நின்று பரிசோதனைக் கூடத்தைக் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, எடுத்தவர் யார் என்றுகூடக் கேட்காமல் பேசினார். “ஸ்க்ரீன்ல வர்ற டைமை யாரும் நம்பாதீங்க. ரிசல்ட்டை பேப்பர்ல எடுத்து, ரத்தம் எடுத்த நேரத்தைக் கையால எழுதி, ஆள் வச்சு வார்டுக்குக் குடுங்க.” பிறகு ஒவ்வொரு வார்டாக அதையே சொன்னார். பிரசவ வார்டில் போனை எடுக்கவில்லை. படியேறி ஓடினார். மூச்சு வாங்கியபடி அவர் பேசியது அங்கிருந்தவர்களுக்குப் பாதிதான் புரிந்ததாம், ஆனால் முகத்தைப் பார்த்தே மீதியைப் புரிந்துகொண்டார்களாம்.

திரும்பி வந்து ஃபயர்வாலுக்கு முன் உட்கார்ந்தபோதுதான் விஷயம் விளங்கியது. புது ஃபயர்வால் வருவதற்கு முன்பு அந்த இடத்தில் ஒரு பழைய பெட்டி இருந்தது. அது வேறு வேலைகளோடு, யாரும் சொல்லாமலே சர்வர்களுக்குச் சரியான நேரமும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியைக் கழற்றியதோடு நேரம் சொல்லவும் ஆளில்லாமல் போயிற்று. சர்வர்கள் வெளியே போய் மணி கேட்டுப் பார்த்திருக்கின்றன. ரூபினியின் விதி, அனுமதி இல்லை என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தவரை தம்முடைய சொந்தக் கடிகாரத்தை வைத்துச் சமாளித்தன. அணைந்து எழுந்தபோது, உள்ளே இருந்த சின்ன பேட்டரியும் செத்திருந்ததால், வாய்க்கு வந்த ஒரு மணியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டன.

“அது கேக்கறது எனக்குத் தெரியும்ணா” என்றார் என்னிடம், தடுப்புக்கு மேலே தலையை நீட்டி. “டெய்லி பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சும்னே கத்துது, ஒண்ணுமில்லன்னு வுட்டுட்டேன்.”

காராபாத் ஆறிவிட்டது என்று சொன்னேன்.

நிர்வாக அதிகாரி ஹரிஷ்குமார் வந்தார். நல்ல மனிதர். பதற்றம் வந்தால் கையில் இருக்கும் பேனாவின் மூடியைக் கடிப்பார். அன்று மூடி அரைவாசி போயிருந்தது. “மேடம், ஃபுல்லா ஓப்பன் பண்ணிடுங்க. எல்லாம் நார்மல் ஆகட்டும். அப்புறமா ஒண்ணொண்ணா மூடிக்கலாம். பேஷண்ட்தான் முக்கியம்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தப்பு செய்துவிட்டவர் அந்த நேரத்தில் எதற்கும் தலையாட்டுவார் என்றுதான் நினைப்போம். ரூபினி விசைப்பலகையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“பேடா சார். ஒரு கதவைத்தான் தப்பா மூடினேன். அதை மட்டும் தொறக்கறேன்.”

அப்படியேதான் செய்தார். சர்வர்களை நேரடியாக வெளியே விடவில்லை. ஃபயர்வாலே வெளியுலகத்தின் நம்பகமான கடிகாரங்களிடம் மணி கேட்டுக்கொள்ளும், சர்வர்கள் ஃபயர்வாலிடம் கேட்டுக்கொள்ளும் என்று ஏற்பாடு. வேலை அதிக நேரம் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு, தவறான நேரம் விழுந்த ஒவ்வொரு முடிவையும் பரிசோதனைக் கூடத்தாரோடு உட்கார்ந்து சரிசெய்ததுதான் பொழுதைத் தின்றது. மதியச் சாப்பாடு யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் கூட்டம். ஹரிஷ்குமார் அறிக்கையில் ‘மின்தடையால் ஏற்பட்ட கோளாறு’ என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். யாருக்கும் வலிக்காத வாக்கியம். எல்லோரும் தலையாட்டினார்கள். ரூபினி மட்டும் கையைத் தூக்கினார்.

“சார், அது சரியில்ல. கரண்ட் போனது கரண்டோட தப்பு. மணி போனது என் தப்பு. அப்படியே எழுதுங்க.”

“ரூபினி, ரெகார்டுல ஏறிடும். யோசிச்சுக்கோங்க.”

“ஏறட்டும் சார். கரண்டுன்னு எழுதினா புது பேட்டரி வாங்கிப் போட்டுட்டு மறந்துடுவீங்க. எனக்குப் பதிலா நாளைக்கு வேற ஒருத்தர் வந்து இதையே பண்ணுவாங்க.”

அறிக்கை மாற்றி எழுதப்பட்டது. அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரவிருந்த பதவி உயர்வு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. அந்த வாரம் முழுக்க தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரோடு பேச்சே இல்லை. எனக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த வாரம் ரூபினி துறை துறையாகச் சுற்ற ஆரம்பித்தார். ஸ்கேன் அறை, மருந்தகம், சமையலறைக்குப் பக்கத்திலிருக்கும் பில் கவுண்டர் என்று ஒவ்வொரு இடத்திலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். “உங்க மெஷின் யார்கிட்டல்லாம் பேசுது? நான் மூடினா எது நிக்கும்?” பில் கவுண்டர் மமதா அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, “இவ்ளோ நாள் நீங்கதான் எங்களை கேள்வி கேட்டு வெளிய நிக்க வெப்பீங்க, இப்ப உள்ள வந்து கேக்கறீங்க” என்றாராம். அதைச் சொல்லும்போது ரூபினி சிரித்தார். மறுபடி தடுப்புக்கு அந்தப் பக்கம் “எந்திரிப்பா” கேட்க ஆரம்பித்தது.

நாராயணசாமி வீட்டுக்குக் கிளம்புகிற நாளன்று அவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நானும் கூடப் போனேன். மனிதர் சட்டை மாற்றிக்கொண்டு, கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்திபெலேயில் டயர்க் கடை. மகன் வண்டி எடுத்துவரப் போயிருந்தான். நடந்தது எதுவும் அவருக்கு முழுதாகத் தெரியாது. ‘கம்ப்யூட்டர்ல டைம் மாறிப்போச்சு’ என்று டாக்டர் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

“நீ யாரும்மா?”

“அந்த கம்ப்யூட்டரப் பாத்துக்கறவ, ஐயா. டைம் மாறினது என்னாலதான். அதை உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்.”

“என்னா பண்றது, மிஷினுதானே” என்றார். “உக்காரு. நின்னுக்கினே பேசாதே.” ரூபினி உட்காரவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே மகனின் வண்டி தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“ஏம்மா, மணி இன்னா ஆவுது?”

ரூபினி கைபேசியை எடுத்துப் பார்த்தார். நிமிர்ந்து, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஓரடி நகர்ந்து, பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவரின் மேல் குனிந்து, அவர் கையில் கட்டியிருந்த வாட்சையும் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் சொன்னார்.