சொல்லாமல் விட்டது: ஜெபம்

அன்று அந்த அறையில் நான் சொல்லாமல் விட்டவை மூன்றே சொற்கள்: அந்தப் பெண் நான்தான்.

ரூபி அக்கா போன மாதம் இறந்துவிட்டார். ஞாயிறு ஆராதனைக்கான பாடல் எண்களைச் சபை அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மருத்துவமனையிலிருந்து செவிலியர் மஞ்சுளா அழைத்தார். "பாப்பா, ரூபியக்கா போயிட்டாங்க. காலையில கஞ்சி குடிச்சாங்க, நல்லாத்தான் பேசினாங்க." நான் "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். மீதியிருந்த இரண்டு எண்களையும் அடித்து முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சபையாராகிய உங்களில் பலருக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஓசூரில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் லைனில் நின்றவர். முழங்கால் தேய்ந்ததும் வேலையை விட்டுவிட்டு, சபையின் சார்பில் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். கட்டிலுக்குக் கட்டில் மொழி மாறும் ஊர் இது. கன்னடக்காரரிடம் "ஊட்டா ஆயித்தா?" என்பார். தெலுங்குக்கார அம்மாவிடம் "தின்னாவா அம்மா?" என்பார். தெற்கிலிருந்து வேலைக்கு வந்து கையில் அடிபட்டுக் கிடக்கிறவர்களிடம் "சாப்ட்டியாப்பா?" எந்த மொழியிலும் முதல் கேள்வி அதுதான். மஞ்சுளா கேலி செய்வார்: "அக்கா, நீங்க ஊழியத்துக்கு வர்றீங்களா, கேன்டீன் நடத்த வர்றீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான் போடி. வயிறு காஞ்சவன் காதுல வசனம் ஏறாது."

பிறகு மருத்துவமனையில் நிர்வாகம் மாறியது. சபையின் அங்கீகாரக் கடிதம் பெற்ற ஊழியர்களை மட்டுமே இனி வார்டுக்குள் விடுவோம் என்றார்கள். கடிதத்துக்கு ஓராண்டுப் பயிற்சி, அதன்பின் ஒரு குழுவின் முன் நேர்காணல். ஐம்பத்து மூன்று வயதில் அக்கா பயிற்சியில் சேர்ந்தார். சனிக்கிழமைதோறும் கிருஷ்ணகிரிக்குப் பஸ். பயிற்சி முடியும்வரை மட்டும் கடிதம் இல்லாமலே வார்டுக்குள் விட்டார்கள்.

அந்தப் பயிற்சியில் முக்கியமானது உரையாடல் அறிக்கை. நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து அப்படியே எழுத வேண்டும். தாளை நெடுக்காக மூன்றாகப் பிரித்துக் கோடு போட வேண்டும்: அவர் சொன்னது, நான் சொன்னது, சொல்லாமல் விட்டது. பெயர் வரவே கூடாது. 'ஒரு முதியவர்', 'ஒரு பெண்' என்றுதான் எழுத வேண்டும். அக்காவின் கோழிக் கிறுக்கலைப் படிக்க முடிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தட்டச்சு என் வேலையானது.

நேர்காணலுக்கு அவர் தேர்ந்தெடுத்த அறிக்கை என்னைப் பற்றியது.

அந்த வருடம் என் அம்மா அதே மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வெளியே நாற்காலியில் நான் இருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து வேதாகமத்தை எடுத்தார். "வேணாங்க்கா," என்றேன். "என்னால முடியல. யாரும் கேக்கறாங்கன்னே எனக்குத் தோணல." சபை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் சொல்லக்கூடிய பேச்சல்ல அது. அக்கா வேதாகமத்தைப் பைக்குள் வைத்தார். "சரி விடு. நான் சும்மா இங்க குந்திக்கினு இருக்கேன். அதுக்கு ஒண்ணும் இல்லயே?" போய் டீயும் பன்னும் வாங்கி வந்தார். மாலை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் அம்மா இறந்தார்.

எழுதுவதற்கு முன் என்னிடம் கேட்டார்: "போடட்டுமா? உன் பேரு வராது." தலையசைத்தேன். என் வார்த்தைகளை நானே தட்டச்சு செய்தேன். மூன்றாவது கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. ஜெபம்.

நேர்காணல் நாளில் குழுவில் ஐந்து பேர். நான் நடவடிக்கைக் குறிப்பு எழுத ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். தலைமை வகித்த ஆயர் தாளை மேசையில் வைத்தார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் போயி ஜெபிக்காம வந்திருக்கீங்களே?"

"அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லுச்சுங்கய்யா. நான் உள்ளுக்குள்ளயே பண்ணிக்கிட்டேன்."

"அதுல அந்தப் பொண்ணுக்கு ஆறுதல் கெடைச்சதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? யாருன்னு சொல்லுங்க. அவங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கையெழுத்துப் போட்டுடறேன்."

"பேரு சொல்லக் கூடாதுன்னுதான் பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்கய்யா."

"அது தாள்ல. எங்ககிட்டச் சொல்லலாம்."

"இல்லீங்கய்யா."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணைக்கூட நகர்த்தவில்லை. குழுவில் ஒருவர் என் அப்பாவோடு தினமும் காலையில் நடக்கப் போகிறவர். 'கடைசி வரைக்கும் எம்பொண்ணு வெளிய உக்காந்து ஜெபிச்சுக்கிட்டே இருந்தா' என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லித்தான், அம்மா போனபின் அப்பா எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். என் பேனா நிற்காமல் எழுதிக்கொண்டிருந்தது: 'அறிக்கையின் உண்மை உறுதி செய்யப்படாததால் விண்ணப்பம் அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.'

படியிறங்கும்போது அக்காதான் என் தோளைத் தட்டினார். "பரீட்சைல அந்த ஒரு பாடத்தைத்தான் ஒழுங்காப் படிச்சேன். அதுலயே பெயிலாக்கிட்டாங்க பாரேன்."

அதன்பின் மாலை நேரங்களில், பார்வையாளர்களோடு சேர்ந்து கேட்டில் வரிசையில் நிற்பார். உள்ளே ஒரு மணி நேரம்தான். ஒரு கட்டிலுக்கே போதாது.

போன மாதம் இருதயக் கோளாறு என்று அவரையே அங்கே சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். மருத்துவமனையின் பச்சை அங்கியில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். "இப்ப எவன் வந்து கடுதாசி கேக்கறான் பாரு!"

"அக்கா, நான் ஐயாகிட்டச் சொல்லிடறேன்."

"உங்கப்பா இப்ப நல்லாத் தூங்கறாரா?"

"தூங்கறாருக்கா."

"அப்ப விடு."

விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் மஞ்சுளாவின் அழைப்பு வந்தது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "ரூபி உங்கூட உக்காந்திருந்தாங்கல்ல?" என்றார். ஆமாம் என்றேன். "அப்புறம் என்னம்மா," என்றார். இவ்வளவுதான் அவர் சொன்னது. இதற்குத்தான் நான் அன்று அந்த அறையில் அவ்வளவு பயந்தேன்.

அக்காவின் கையெழுத்தில் உள்ள அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. டீக் கோப்பை வைத்த வட்டம் ஒன்று அதில் உண்டு. எனக்கு ஜெபிக்க இன்னும் வரவில்லை. யாராவது பக்கத்தில் அழுதால், ஒன்றும் சொல்லாமல் கூட உட்கார மட்டும் வருகிறது. அது அவர் கொடுத்தது.

போன வாரம் குழு மறுபடியும் கூடியது. தொடங்குவதற்கு முன் ஆயரிடம் அந்த மூன்று சொற்களையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறந்தவருக்குக் கடிதம் கொடுக்க விதியில் இடமில்லை என்றார். 'விண்ணப்பதாரர் காலமானதால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது' என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.