பிரான்சோசிஷ ஸ்ட்ராஸவில் ரயில் நிற்பதில்லை

பெர்லினில் நிலத்தடி ரயில் சுரங்கத்துக்குள் திடீரென்று நின்றுவிட்டால் ஒருவரும் தலை நிமிர்வதில்லை. கைபேசியைப் பார்த்தபடியே இருப்பார்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை என் தம்பியின் மகன் கஜனும் கூட வந்தான். முப்பது தாண்டியவன், ஊரிலிருந்து வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தவன். அன்றைக்குத்தான் விசாரணைக்கு ரெர்மின், குறித்துக் கொடுத்த நாள். அங்கே சரிவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயத்தில் இரண்டு பேரும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் புறப்பட்டிருந்தோம்.

பிரான்சோசிஷ ஸ்ட்ராஸ நிலையத்துக்குள் வந்ததும் ஏதோ சிக்னலுக்காக ரயில் நின்றது. அது மூடிய நிலையம். அரை வெளிச்சம், வெறும் மேடை, திறக்காத கதவுகள். கஜன் சட்டென்று எழும்பி, இங்கே கொடுத்த தற்காலிக அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கதவடிக்குப் போனான். சோதனைச் சாவடியில் பஸ் நின்றால் இறங்கி அட்டையைக் காட்டியபடி நடக்க வேண்டும். நம் ஊரில் யுத்த காலத்தில் வளர்ந்த உடம்புக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை. எதிரே இருந்த ஜெர்மன்காரியோ அவனை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துவிட்டாள். இங்கே பரிசோதகர்கள் சாதாரண உடுப்பில் வந்து, அட்டையை நீட்டித்தான் தொடங்குவார்கள். "மோமென்ட், மோமென்ட்" என்று கைபேசியில் டிக்கெட்டைத் தேடியெடுத்து அவனிடம் நீட்டினாள்.

"மாமி, இவ என்ன கேக்கிறா?"

"டிக்கெட் காட்டுறா. நீ வந்து இரு, தம்பி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவனை எந்த வாயால் ஏசுவது? எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, கணவரோடு இதே பாதையால்தான் மேற்கு பெர்லினுக்குப் போனேன். சுவர் நகரத்தைப் பிரித்திருந்த காலம். மேற்கின் ரயில் கிழக்கின் நிலத்துக்கடியில் ஓடியது. இந்த நிலையத்தில் நிற்காது, மெதுவாகக் கடக்கும். மங்கல் வெளிச்சத்தில் துவக்கோடு காவலர்கள் நின்றார்கள். எங்களுக்கு இந்தக் கதையெல்லாம் யார் சொன்னது? ஆமிதான் ஏறப்போகுது என்று பைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பி நின்றோம். பக்கத்தில் இருந்த பெண் பின்னல் வேலையிலிருந்து கண்ணெடுக்கவேயில்லை. சுவர் விழுந்த பிறகு நிலையத்தைத் திறந்தார்கள். வேலைக்குப் போக அங்கே எத்தனையோ தரம் இறங்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் கிட்டடியிலேயே புதிய நிலையம் வந்ததும் இதை மறுபடி பூட்டிவிட்டார்கள். மேடையில் இப்போது காவலர் யாருமில்லை என்று தெரியும். தெரிந்தென்ன, கண் இருட்டு மூலைகளைத்தான் தேடுகிறது.

கஜன் வந்து பக்கத்தில் இருந்தான். ரயில் இன்னும் அசையவில்லை.

"மாமி, ஜெர்மன் பாஸ்போட் கிடைச்சாப் பிறகு இந்தப் பயம் போகுமோ?"

"ஓம், போயிடும்" என்றேன். விசாரணைக்குப் போகிறவனிடம் வேறென்ன சொல்ல? ஒரு கையால் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மற்றக் கை, ரயில் நின்ற கணத்திலிருந்தே, கைப்பைக்குள் என் ஜெர்மன் பாஸ்போட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.